புற்றுநோயாளிக்குத் திடீர் முதுகுவலியா? தண்டுவட ரத்தக்கசிவைச் சந்தேகிப்பது எப்படி, உடனே செய்ய வேண்டியது என்ன

புற்றுநோய் உள்ள ஒருவருக்குத் தண்டுவடத்துக்குள்ளோ அதைச் சுற்றியோ ரத்தம் கசிவது அரிது. ஆனால் கசிய ஆரம்பித்துவிட்டால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் சரியான மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தவர் மறுபடி எழுந்து நடக்க வாய்ப்பு இருக்கிறது, "காலையில் பார்த்துக்கலாம்" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. ரத்தப் புற்றுநோய், உடலில் பரவிவிட்ட புற்றுநோய், கீமோ, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஊசி அல்லது மாத்திரை என்று இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை என்ன என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் நோயாளியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் வீட்டில் இருப்பவர் கையில் இருக்கிறது.

ரத்தம் ஏன் கசிகிறது

புற்றுநோய் ரத்தத்தை இரண்டு பக்கமும் கெடுக்கும். ஒரு பக்கம் தேவையில்லாத இடத்தில் உறைய வைக்கும், இன்னொரு பக்கம் உறைய வேண்டிய இடத்தில் உறைய விடாது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் காலில் ரத்தக்கட்டியும் ஈறில் ரத்தமும் வரலாம் என்பது கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் டி.ஐ.சி. என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில் நடப்பது அதுதான். புற்று செல்கள் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளை ஓயாமல் வெளியே விடுகின்றன, உடல் முழுக்கச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களில் உறைவு நடக்கிறது, அதிலேயே தட்டணுக்களும் (பிளேட்லெட்) ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனும் மற்ற உறைதல் காரணிகளும் செலவாகித் தீர்ந்துபோகின்றன. அப்புறம் எங்காவது ஒரு சின்னக் குழாய் விரிசல் விட்டால்கூட அடைக்க ஆள் இல்லை. கணையம், இரைப்பை, நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்களில் இது வரக்கூடும். ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தீவிர புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பலருக்கு இது இருக்கும்.

காரணம் டி.ஐ.சி. மட்டுமில்லை. எலும்பு மஜ்ஜையைப் புற்றுநோய் ஆக்கிரமித்தாலும் தட்டணு குறையும், கீமோவுக்குப் பின் ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள்ளும் பல மருந்துகளில் அது அடிமட்டத்துக்குப் போகும். கல்லீரலில் புற்றுநோய் பரவினால் உறைதல் காரணிகள் உற்பத்தியாவது குறையும். பித்தக்குழாய் அடைப்பு, நாள்கணக்கில் சாப்பிட முடியாத நிலை, தொடர்ந்து ஆன்டிபயாடிக் ஆகியவற்றால் வைட்டமின் கே குறையும். ஆஸ்பராஜினேஸ் மருந்து ஃபைப்ரினோஜனைக் குறைக்கும், இப்ருடினிப் மாத்திரை தட்டணு வேலை செய்வதையே தடுக்கும். இதெல்லாம் போதாதென்று, காலில் ரத்தக்கட்டி வந்ததற்காக எனாக்ஸாபரின் ஊசியோ அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் மாத்திரையோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

பரிசோதனைச் சீட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஃபைப்ரினோஜன் வழக்கமாக 200 முதல் 400 வரை (மி.கி./டெசிலிட்டர்) இருக்கும். புற்றுநோய் இருப்பவர்களில் பலருக்கு அது கூடுதலாகத்தான் ஓடும். போன வாரம் 600 இருந்தவருக்கு இன்று 220 என்றால், சீட்டில் சிவப்புக் கோடு இருக்காது, "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும், ஆனால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தட்டணுவும் அப்படித்தான். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் முக்கியம், அதனால் பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அந்த இடத்தில் கசிவது ஏன் இவ்வளவு ஆபத்து

தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன்தான். அதை மூன்று சவ்வுகள் சுற்றியிருக்கின்றன, அதற்கு வெளியே கொழுப்பும் வால்வு இல்லாத சிரைகளின் வலையும், எல்லாவற்றையும் சுற்றி எலும்பு. பெரும்பாலான கசிவு அந்த வெளிப்பக்கச் சிரை வலையில்தான் நடக்கிறது. சவ்வுகளுக்கு இடையிலும் நடக்கலாம், தண்டுவடத்தின் உள்ளேயே கசிவது எல்லாவற்றிலும் அரிது. எங்கே கசிந்தாலும் எலும்புக்குள் ரத்தம் விரிய இடம் கிடையாது, ஆகவே அது நரம்பை நசுக்கும். தோலில் வந்தால் ஒரு நீலத் திட்டு என்று விட்டுவிடக்கூடிய அளவு ரத்தமே இங்கே இரண்டு காலையும் செயலிழக்க வைக்கப் போதும்.

அந்தச் சிரைகளில் வால்வு இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதனால் முக்கும்போதும் பலமாக இருமும்போதும் வயிற்றின் அழுத்தம் நேராக அங்கே போய்ச் சேரும். தட்டணு குறைந்திருக்கும் நாள்களில் மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் இளக மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள். வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று வைத்துக்கொண்டே முன்கூட்டி ஏற்பாடு செய்யுங்கள். அதே நாள்களில் ஆசனவாய் வழியாக எனிமாவோ மருந்தோ வைப்பதைக் கேட்காமல் செய்யக் கூடாது, அங்கேயும் ரத்தம் கசியலாம்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்

முதலில் வருவது பெரும்பாலும் வலி. முதுகிலோ கழுத்திலோ ஒரே இடத்தில், திடீரென்று, குத்துவது போல. "இந்த நிமிஷத்தில்தான் ஆரம்பித்தது" என்று நோயாளியே சொல்லுமளவுக்குத் தெளிவாக இருக்கும். அது நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல இறுகலாம், கையிலோ காலிலோ மின்சாரம்போல இறங்கலாம், இருமினால் கூடலாம். அதன்பின் சில நிமிடத்திலோ சில மணியிலோ, சிலருக்கு ஓரிரண்டு நாள் இழுத்தோ, கால் மரத்துப்போகும், பலம் குறையும், சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும் அல்லது தெரியாமலே போகும்.

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுக்கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போதும் இதே அறிகுறிகள் வரும். அது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும், ராத்திரி படுத்தால் அதிகமாகும். ரத்தக்கசிவு சட்டென்று வரும். ஆனால் இந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம், இரண்டுமே அவசரம்தான், இரண்டுக்குமே அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது. மார்ஃபின் அல்லது தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலி நிவாரணிப் பட்டையில் இருப்பவருக்கு வலி அடங்கியே இருக்கலாம், முதல் அறிகுறியே "கால் என்னவோ சரியில்ல" என்பதாக இருக்கும். இன்னொன்று, கழுத்துப் பக்கம் கசிந்தால் ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்துபோகலாம், பார்ப்பவர்கள் பக்கவாதம் என்றே நினைப்பார்கள். முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கழுத்து வலிக்கிறது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கவாதம் என்று எண்ணி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் கசிவு பல மடங்காகும்.

வீட்டில் இரண்டு நிமிடத்தில் செய்யும் பார்வை

படுத்த நிலையிலேயே செய்யுங்கள், எழுந்து நடக்கச் சொல்ல வேண்டாம். உங்கள் உள்ளங்கையை அவர் பாதத்தில் வைத்து, வண்டியில் பிரேக் போடுவதுபோலக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கால் கட்டைவிரலைத் தன் முகத்தை நோக்கி மடக்கச் சொல்லி, நீங்கள் ஒரு விரலால் எதிர்த்துப் பிடியுங்கள். இரண்டு காலிலும் செய்து பார்த்து, ஒரு பக்கம் சட்டென்று விட்டுக்கொடுக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு டிஷ்யூத் தாளால் பாதம், முழங்கால், தொடை, வயிறு என்று மேல்நோக்கித் தடவிக்கொண்டே வாருங்கள், "இங்கே தெரியுதா, இதுக்கும் அதுக்கும் ஒரே மாதிரி இருக்கா" என்று கேளுங்கள். எந்த உயரத்துக்கு மேல் சரியாகத் தெரிகிறதோ அந்த இடத்தைப் பேனாவால் தோலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். மருத்துவமனையில் அந்தக் கோடு மேலே ஏறியிருந்தால் நிலைமை மோசமாகிறது என்று மருத்துவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

கடைசியாக, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்திருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள். தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் கணு அருகிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே நரம்புக் கொத்துதான். அங்கே கசிந்தால் காலைவிட முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடங்களாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றினாலும், வலி புதிது, கடுமையானது, தட்டணு குறைவு அல்லது ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுக்கிறார் என்றால் கிளம்பிவிடுங்கள். பலம் குறையும்வரை காத்திருப்பதுதான் மிகப் பெரிய இழப்பு, ஏனென்றால் அறுவை சிகிச்சைக்கு முன் காலில் எவ்வளவு பலம் மிச்சம் இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் பின்னால் எவ்வளவு திரும்பும் என்பது பெருமளவு அமைகிறது.

கிளம்பும்போது

அடுத்த வேளை எனாக்ஸாபரின் ஊசியையோ மாத்திரையையோ அந்த நேரத்தில் கொடுக்க வேண்டாம், புற்றுநோய் மருத்துவரை அல்லது அவர் பிரிவின் அவசர எண்ணை அழைத்துச் சொல்லிவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், இவை தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். அருகில் இருக்கும் சின்ன கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டுக்கிட்டுப் போகலாம்" என்ற யோசனையும் வேண்டாம், தட்டணு குறைந்தவருக்குத் தசையில் போடும் ஊசி அங்கேயே ரத்தம் கட்ட வைக்கும், நேரமும் போகும். பிடித்துவிடுவது, சுளுக்கு எடுப்பது, ஒத்தடம் எல்லாம் தவிருங்கள். ரத்தம் நிற்கும் என்று வீட்டில் இருக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைக் கொடுக்காதீர்கள், டி.ஐ.சி. இருந்தால் அது வேறிடத்தில் ரத்தக்கட்டியைக் கொண்டுவரக்கூடும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் நிறுத்துங்கள். படுத்தபடியே ஆம்புலன்ஸில் கொண்டுபோவது நல்லது. விழுந்து அடிபட்டு வந்த வலி என்றால் அவரைத் தூக்கிப் புரட்டாமல் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே விடுங்கள்.

எங்கே போவது என்பதை இந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். ராத்திரியிலும் எம்.ஆர்.ஐ. எடுக்கிற, நரம்பு அறுவை மருத்துவர் இருக்கிற, ரத்த வங்கியில் தட்டணு கிடைக்கிற மருத்துவமனை எது என்று அடுத்த கீமோவுக்குப் போகும்போதே உங்கள் புற்றுநோய் பிரிவில் கேட்டு எழுதி வையுங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாத இடத்துக்குப் போய் அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றுவதில்தான் பொன்னான மணிகள் கரைகின்றன.

ஒரு தாளும் தயாராக இருக்கட்டும். இப்படி எழுதினால் போதும்:

நோய்: தீவிர ரத்தப் புற்றுநோய். கடைசி கீமோ: தேதி, மருந்து.
தட்டணு: 18,000 (தேதி). ஃபைப்ரினோஜன், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்): எண், தேதி.
ரத்தம் உறையாமைக்கு மருந்து: பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த தேதி, மணி.
கடைசியாக முதுகில் ஊசி போட்டது: தேதி.
ரத்தப் பிரிவு. முன்பு ரத்தமோ தட்டணுவோ ஏற்றியபோது ஒவ்வாமை வந்ததா.
உடலில் பேஸ்மேக்கர், உலோகம் எதுவும் உண்டா. அலர்ஜி. சிறுநீரகப் பாதிப்பு.
வலி ஆரம்பித்த மணி. கால் தளர ஆரம்பித்த மணி.

கடைசி வேளை மருந்து எத்தனை மணிக்கு என்பதைத்தான் அவசரத்தில் எல்லோரும் மறப்பார்கள். எந்த முறிமருந்து, எவ்வளவு கொடுப்பது என்பது அந்த மணியைப் பொறுத்தது. ஊசி போட்டவுடனே எழுதும் பழக்கம் வையுங்கள்.

அவசரப் பிரிவில் "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். சொல்ல வேண்டியது இது: "இவருக்குப் புற்றுநோய், தட்டணு குறைவு, ஒன்பது மணிக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது, இப்போது வலது கால் தளர்ந்திருக்கிறது, சிறுநீர் வரவில்லை. தண்டுவடத்தில் ரத்தக்கசிவோ அழுத்தமோ இருக்குமோ என்று பயப்படுகிறோம்." நோயின் பெயரை நீங்களே சொல்வது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், பார்க்கிற மருத்துவருக்கு அது உதவிதான்.

மருத்துவமனையில் நடப்பது

ரத்தம் எடுத்துத் தட்டணு, ரத்தம் உறைவதைக் காட்டும் பரிசோதனைகளான பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி., ஃபைப்ரினோஜன், டி-டைமர், கூடவே ரத்தப் பிரிவு பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. முழு முதுகெலும்புக்கும் எடுப்பது வழக்கம், ஏனென்றால் வலிக்கிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. முடியாதவருக்கு சி.டி. எடுப்பார்கள்.

அதே நேரம் உறைதல் கோளாறைச் சரிசெய்யும் வேலையும் ஓட வேண்டும், ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திருக்க நேரம் இல்லை. தண்டுவட அறுவை சிகிச்சைக்குத் தட்டணு சுமார் ஒரு லட்சம் இருப்பதை மருத்துவர்கள் விரும்புவார்கள். ஃபைப்ரினோஜன் 150-க்குக் கீழே போனால் ஃபைப்ரினோஜன் செறிந்த ரத்தப் பொருளான கிரையோபிரெசிபிடேட் ஏற்றுவது வழக்கம். ரத்தம் உறையாமைக்கு எடுத்த மருந்து வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகள் செறிந்த ஊசியும், ஹெப்பாரினுக்கு புரோட்டமின், டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்று முறிமருந்துகள் உண்டு. எனாக்ஸாபரினை புரோட்டமின் முழுதாக முறிக்காது, ஓரளவுதான். ஏ.பி.எல். என்று சந்தேகம் வந்தாலே மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அந்த நோய்க்கான ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் அங்கே ரத்தக்கசிவின் வேரே அந்த நோய்தான்.

கசிவு தண்டுவடத்தை அழுத்தினால் முதுகெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து ரத்தக்கட்டியை எடுப்பார்கள். அறிகுறி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பது பொதுவான அனுபவம், அதைவிட முன்னால் என்றால் இன்னும் நல்லது. எல்லோருக்கும் அறுவை சிகிச்சை இல்லை. பலம் தானாகத் திரும்பிக்கொண்டிருப்பவர், தண்டுவடத்தின் உள்ளேயே கசிந்தவர், நோய் முற்றி அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவர் ஆகியோருக்கு ரத்தத்தைச் சரிசெய்து கவனித்துக்கொண்டே இருப்பார்கள். "ஆபரேஷன் செய்யவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைக்காமல், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை விளக்கிச் சொல்வது அவர்கள் கடமை.

முதுகில் ஊசி போடும் நாளில்

ரத்தப் புற்றுநோயில் தண்டுவட நீர் எடுப்பதும் அதே வழியாகக் கீமோ செலுத்துவதும் சகஜம். பெரும்பாலும் பத்திரமாகவே முடியும். இருந்தாலும் அன்று காலைத் தட்டணு எவ்வளவு என்று கேளுங்கள். பல மருத்துவமனைகள் 40,000 முதல் 50,000 வரையாவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன, சில இடங்களில் இன்னும் குறைவான எண்ணையும் ஏற்கிறார்கள். எனாக்ஸாபரின் தடுப்பு அளவில் போட்டிருந்தால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் என்றால் 24 மணி நேரமும் இடைவெளி விடுவது வழக்கம், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளுக்கு மூன்று நாள்வரை போகலாம். எனாக்ஸாபரின் வகை ஊசியும் முதுகு ஊசியும் சேர்ந்தால் தண்டுவட ரத்தக்கசிவு வரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 1997-லேயே எச்சரித்தது. எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்கட்டியும் உயிரைப் பறிக்கும்.

ஊசிக்குப் பிறகு உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைவு என்பது பலருக்கும் வருவது. முதுகுவலி மணிக்கு மணி கூடுவதோ கால் மரப்பதோ அப்படியில்லை, அன்று ராத்திரியே கூப்பிட வேண்டும்.

அதன்பின் வரும் வாரங்கள்

காலுக்கு இன்னும் பலம் திரும்பாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. சிறுநீர்க் குழாய் மடங்காமல் பாருங்கள். நெஞ்சின் மேல்பகுதியிலோ கழுத்திலோ பாதிப்பு இருந்தவருக்குச் சில வாரம் கழித்துத் திடீர்த் தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது என்று வந்தால் உடனே உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரை அழையுங்கள். பலம் திரும்புவது மாதக்கணக்கில் நடக்கும், இயன்முறை சிகிச்சையை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கடினமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கும். ரத்தக்கட்டிக்கான மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது? அசையாமல் கிடக்கும் காலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து அதிகம், மருந்து கொடுத்தால் மறுபடி கசியும் ஆபத்து. காற்றடைத்துக் காலை அமுக்கும் கருவி, சிலருக்கு ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க வயிற்றுப் பெருஞ்சிரையில் வடிகட்டி என்று இடைக்கால வழிகள் இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர், ரத்தவியல் மருத்துவர் மூவரும் பேசி ஒரு தேதி சொல்லட்டும், யார் பொறுப்பில் தொடங்குகிறது என்பதோடு அதை வீட்டுக்குப் போகும் சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.